டேப்பண்ணன் கட்டிய பெட்டி

அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று உண்டு. அது சம்பளச் சீட்டில் இருக்கிறது. மற்றபடி அந்தக் கண்ணாடிச் சாமான் கம்பெனியில் வாட்ச்மேன் முதல் முதலாளி வரை எல்லோருக்கும் அவர் டேப்பண்ணன்தான். ஆய்வுக்கூடங்களுக்குக் குடுவை, குழாய், அளவுக் குப்பி என்று மூச்சு பட்டாலே விரிசல் விடுகிற சாமான்களை அனுப்பும் கம்பெனி அது. இருபத்தாறு வருடமாக அவற்றைப் பெட்டியில் போட்டுக் கட்டுகிறவர் அவர். அவர் கட்டியதில் ஒரு குப்பிகூட உடைந்ததாகப் புகார் வந்ததில்லை. புதிய வாடிக்கையாளர் யாராவது வந்தால் விற்பனைப் பிரிவு ஆட்கள் அவர் மேசையிலிருந்து ஒரு பெட்டியை எடுத்துப்போய் மாடிப்படியில் உருட்டிவிட்டுக் காட்டுவார்கள். பெட்டி தடதடவென்று இறங்கும். டேப்பண்ணன் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்.

ஒருமுறை ஒரு கல்லூரியிலிருந்து கடிதம் வந்தது. "சாமான்கள் பத்திரமாக வந்து சேர்ந்திருக்கின்றன என்று நம்புகிறோம். பெட்டியைத் திறக்கத் தெரிந்த ஒருவரை அனுப்பிவைக்க வேண்டுகிறோம்." அலுவலகமே வயிறு வலிக்கச் சிரித்தது. அவர் மட்டும் அதைப் பாராட்டுப் பத்திரமாக எடுத்துக்கொண்டு, சட்டம் போட்டுத் தன் மேசைக்கு மேலே மாட்டிவைத்தார். இன்னும் தொங்குகிறது.

வீட்டிலும் மனிதர் அப்படித்தான். அவசரத்துக்கு இருக்கட்டும் என்று மாற்றுச் சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவைத்தார். சும்மா கொடுப்பாரா? மூன்று உறைக்குள் போட்டு, சுற்றி ஒட்டிக் கொடுத்தார். அவசரம் வந்த அன்று, அந்த உறையோடு மல்லுக்கட்டிப் பார்த்துவிட்டு, அவருடைய மனைவி பூட்டுக்காரரைக் கூப்பிட்டுக் கதவைத் திறந்தார். அதுதான் சீக்கிரம் முடிந்தது.

இவர்களுக்கு ஒரே மகள். விமானத்தில் இரண்டு மணி நேரம் தள்ளியிருக்கிற ஊரில், கட்டட வரைபடம் போடும் அலுவலகத்தில் வேலை. தனியாக ஓர் அறை எடுத்துத் தங்கிப் பதினான்கு மாதமாகிறது. இரண்டு வாரத்துக்கு முன்னால் அலுவலகப் படியில் கால் தவறி விழுந்ததில் கணுக்கால் எலும்பு முறிந்துபோனது. முழங்கால் வரைக்கும் மாவுக்கட்டு. அம்மாவுக்குப் பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலை, தேர்வு முடிகிறவரை லீவு என்ற பேச்சையே எடுக்க முடியாது. அதனால் முதலில் அப்பா போய் ஒரு மாதம் சமைத்துப் போட்டுப் பார்த்துக்கொள்வது என்று முடிவானது.

"என்னம்மா கொண்டு வரணும்?" என்று போனில் கேட்டார்.

"ஒண்ணும் வேணாம்பா." போனை வைக்கப் போனாள். பிறகு, "முடிஞ்சா அந்த கேம் பெட்டிய எடுத்துட்டு வாங்க."

அந்த 'முடிஞ்சா' அவருக்குச் சுருக்கென்று தைத்தது. டிவியில் மாட்டி விளையாடுகிற அந்தப் பெட்டியை அவள் உள்ளூரில் வேலை பார்த்தபோது தன் முதல் சம்பளத்தில் ஆசை ஆசையாக வாங்கினாள். ஊருக்குக் கிளம்பின அன்று அவளுடைய சூட்கேஸிலிருந்து அதை வெளியே எடுத்தவர் இவர்தான். "வேலைக்குப் போற எடத்துல வெளையாட்டு எதுக்கு" என்று சொல்லி அலமாரி மேலே ஏற்றிவிட்டார். அவள் எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. சண்டை போட்டிருந்தால்கூட மறந்திருப்பார். இப்போது படுக்கையில் கிடக்கிறவள் வாய்விட்டுக் கேட்டது அது ஒன்றைத்தான். ஒரு கீறல்கூட இல்லாமல் அதை அவள் கையில் கொண்டுபோய்க் கொடுக்காவிட்டால் தான் அப்பனே இல்லை என்று அவர் மனசுக்குள் முடிவு கட்டிவிட்டார்.

அப்புறம் என்ன, கட்ட ஆரம்பித்தார். கம்பெனியில் கேட்டு வாங்கிவந்த சாமான்களை ஹாலில் பரப்பினார். முதலில் பபுள் ஷீட்டில் நாலு சுற்று. அதன்மேல் ஃபோம். ஈரம் உறிஞ்சுகிற வெள்ளைப் பொட்டலங்களை இடுக்கு இடுக்காகச் செருகினார். அட்டைப்பெட்டி, அதற்கு மேலே இன்னொரு அட்டைப்பெட்டி, நான்கு மூலைக்கும் தகரப் பட்டை, கடைசியில் நூல் பதித்த டேப்பால் குறுக்கும் நெடுக்கும் ஒரு சுற்று.

மனைவி காப்பி டம்ளரோடு வந்து நின்று பார்த்தார். "இது ஊர் போய்ச் சேர்ந்துடும், சந்தேகமே இல்ல. அவ பிரிக்க வேணாமா?"

"பிரிக்கறதுக்கென்ன, யாரு வேணா பிரிக்கலாம். ஒடையாம போகணும் பாரு, அதுதான் வேல" என்றார் டேப்பண்ணன், டேப்பைப் பல்லில் கடித்தபடி.

காலையில் விமான நிலையம். அவருக்கு இதுதான் முதல் விமானம். சூட்கேஸையும் பெட்டியையும் கவுன்டரில் சேர்த்துப் போட்டுவிடலாம் என்றுதான் நினைத்திருந்தார். சூட்கேஸ் பெல்ட்டில் ஏறிப் போனது. அதற்குள்தான் டேப் வெட்டுகிற அவருடைய வளைந்த கத்தியும் இருந்தது. கவுன்டரில் இருந்த பெண் பெட்டியைத் தட்டிப் பார்த்து, என்ன என்று கேட்டாள்.

"கேம் பெட்டிம்மா."

"கன்ட்ரோலர், பேட்டரி எல்லாம் உள்ளதான் இருக்கா? அப்போ கையில எடுத்துட்டுப் போங்க சார். இதுல போட்டா தூக்கித் தூக்கிப் போடுவாங்க."

"மாடியிலேர்ந்து போட்டாக்கூட ஒண்ணும் ஆகாதும்மா."

அந்தப் பெண் சிரித்துக்கொண்டே பெட்டியை அவர் பக்கம் தள்ளிவிட்டாள். அவரும் அதைக் கைக்குழந்தை மாதிரி தூக்கிக்கொண்டு பாதுகாப்புச் சோதனை வரிசையில் போய் நின்றார்.

சோதனை மேசையில் ஓர் அதிகாரியம்மா. யாரையும் திட்ட மாட்டார், யாருக்கும் விட்டுக்கொடுக்கவும் மாட்டார் என்று முகத்திலேயே எழுதியிருந்தது. "உள்ள கேம் பெட்டியா? அத வெளிய எடுத்துத் தனியா டிரேயில வைங்க சார்."

டேப்பண்ணன் முகத்தில் ஈயாடவில்லை. இருபத்தாறு வருடத்தில் தான் கட்டிய பெட்டியை அவர் பிரித்ததே கிடையாது. கட்டியதோடு அவர் பொறுப்பு தீர்ந்தது. பிரிப்பது எங்கேயோ இருக்கிற யாரோ ஒருவருடைய தலையெழுத்து.

"அப்படியே மெஷின்ல விட்டுப் பாத்துடுங்களேன்" என்று குழைந்தார்.

விட்டார்கள். திரைக்கு முன்னால் இருந்தவர் நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டார். "நாலு மூலையிலயும் கறுப்பா என்ன இருக்கு?"

"தகரம்."

"உள்ள பொட்டலம் பொட்டலமா?"

"ஈரம் உறிஞ்சறதுக்குங்க. பன்னெண்டு இருக்கு." சொல்லிவிட்டுச் சும்மா இருந்திருக்கலாம். "கம்பெனில ஆறுதான் போடுவோம்" என்று பெருமையாகச் சேர்த்துக்கொண்டார்.

"பிரிங்க சார்."

"அதுக்குக் கத்தி வேணுமே."

பின்னால் நின்ற வரிசை இரண்டடி தள்ளிப்போய் நின்றது. கத்தி சூட்கேஸோடு போய்விட்டது, தான் பாவப்பட்ட மனுஷன், மகளுக்குக் கால் முறிந்திருக்கிறது என்று அவர் விளக்கி முடிப்பதற்குள் நெற்றியெல்லாம் வியர்த்துவிட்டது. அதிகாரியம்மா மேசை இழுப்பறையிலிருந்து ஒரு மொண்ணைக் கத்தரிக்கோலை எடுத்துவந்து தானே வெட்ட ஆரம்பித்தார். டேப் அசையவில்லை. நூல் பதித்த டேப், அது எப்படி அசையும்?

"யாரு சார் இப்படிக் கட்டினது?"

பெருமையடித்துக்கொள்ள ஆயிரம் சந்தர்ப்பம் தேடுகிற மனிதருக்கு அந்த ஒரு நிமிடம் தைரியம் வரவில்லை. "கடையில கட்டிக் குடுத்தாங்க" என்று கூசாமல் பொய் சொன்னார். சொன்னவர் வாயை மூடிக்கொண்டாவது இருந்தாரா என்றால் அதுவும் இல்லை. "மேல வெட்டாதீங்கம்மா, இறுகிடும். கீழ் மூலையிலேர்ந்து வரணும். அந்த மூலை இல்ல, எதிர் மூலை."

"கடைக்காரர் உங்களுக்கு ரொம்ப நெருங்கின சொந்தம் போல" என்றார் அதிகாரியம்மா.

இதற்குள் அவருடைய விமானத்துக்கு அழைப்பு வந்துவிட்டது.  பெட்டியைப் பிரிக்காமல் விமானம் ஏற முடியாது, பெட்டியை விட்டுவிட்டுப் போகவும் மனசு வராது. டேப்பண்ணன் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு களத்தில் இறங்கினார். நகத்தால் கீறினார். அதிகாரியம்மா ஒரு முனையைப் பிடிக்க இவர் மறுமுனையைப் பிடித்து இழுத்தார். வரிசையிலிருந்த ஒரு பெரியவர் தானும் ஒரு கை கொடுக்கிறேன் என்று வந்து, பல்லால் கடித்துப் பார்த்துவிட்டுப் பல் முக்கியம் என்று திரும்பிப் போனார். வெளிப்பெட்டி பிரிந்ததும் உள்ளே இன்னொரு பெட்டியைப் பார்த்த அதிகாரியம்மா கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு இவரைப் பார்த்தார். தான் கட்டிய பெட்டியைத் திறக்கிறவர்கள் தன்னைப் பற்றி என்ன நினைத்திருப்பார்கள் என்பது அவருக்கு அப்போதுதான் மெல்ல உறைத்தது.

பதினைந்து நிமிடத்தில் அந்தக் கறுப்புப் பெட்டி வெளியே வந்தது. மேசைமேல் குப்பை ஒரு குன்றாகக் குவிந்திருந்தது. "ஒரு கீறல் இல்ல சார்" என்றார் அதிகாரியம்மா. அந்தப் பதற்றத்திலும் டேப்பண்ணனுக்கு உள்ளே குளிர்ந்தது.

திரும்பக் கட்டுவதற்குப் பொருளும் இல்லை, பொழுதும் இல்லை. போட்டிருந்த ஸ்வெட்டரைக் கழற்றி அதில் சுற்றிக்கொண்டு, வயரையும் கையில் பிடித்து ஆடுகிற கன்ட்ரோலர்களையும் பேன்ட் பையில் திணித்துக்கொண்டு ஓடினார். விமானக் கதவை மூடப்போகிற நேரத்தில் உள்ளே நுழைந்தார்.

"மடியிலயே வச்சுக்கறேனே" என்று பணிப்பெண்ணிடம் கெஞ்சிப் பார்த்தார். கூடாது என்றாள். தலைக்கு மேலே, யாரோ ஒருவருடைய சக்கரம் வைத்த பெட்டிக்குப் பக்கத்தில், ஒரு ஸ்வெட்டர் மட்டும் துணையாக அது ஏறியது. இரண்டு மணி நேரமும் மனிதர் ஜன்னல் பக்கம் திரும்பவில்லை. குளிரில் கையைக் கட்டிக்கொண்டு அண்ணாந்து பார்த்தபடியே உட்கார்ந்திருந்தார். விமானம் ஒருமுறை குலுங்கியபோது மேலே ஏதோ நகர்ந்த சத்தம் கேட்டது. அவர் உயிர் ஒரு நிமிடம் போய்த் திரும்பியது. அவர் கட்டிய பெட்டிகள் எத்தனையோ லாரியிலும் கப்பலிலும் போயிருக்கின்றன. ஒன்றோடும் அவர் கூடப் போனதில்லை.

மகள் ஊன்றுகோலோடு வந்து கதவைத் திறந்தாள். இளைத்திருந்தாள். அப்பா கையில் ஸ்வெட்டர் மூட்டையைப் பார்த்ததும் புருவத்தை உயர்த்தினாள். "என்னப்பா, கட்டாம கொண்டு வந்திருக்கீங்க? உடம்புக்கு ஏதாவதா?"

"அது ஒரு பெரிய கதை. மொதல்ல போட்டுப் பாரு."

வயரை மாட்டினாள். அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். பெட்டியின் முகப்பில் சின்னதாக ஒரு வெள்ளை விளக்கு எரிந்தது. திரையில் படம் வந்தது. அவள் கட்டிலில் சாய்ந்து, கட்டுப் போட்ட காலைத் தலையணைமேல் நீட்டிக்கொண்டு, கார் ஓட்டத் தொடங்கினாள். டேப்பண்ணனுக்குக் கண் கலங்கிவிட்டது. அதை மறைப்பதற்காகச் சமைக்கப் போகிறேன் என்று அறையின் மூலையில் இருந்த அடுப்புப் பக்கம் நகர்ந்தார்.

அங்கே ஒரு பாத்திரம் இருந்தது. ஒரு தட்டு, ஒரு டம்ளர், ஒரு ஸ்பூன். அவ்வளவுதான். குனிந்து நிமிர்ந்து தேடினார்.

"நான் லாரியில போட்டு அனுப்பின பாத்திரமெல்லாம் எங்கம்மா?"

திரையில் கார் சுவரில் மோதி நின்றது. மகள் கட்டிலுக்கு அடியில் கையைக் காட்டினாள்.

இரண்டு பெட்டிகள். அவள் குடிவந்த வாரம் அவர் கட்டி அனுப்பியவை. பாத்திரம், போர்வை, மேசை விளக்கு, எல்லாம் அதற்குள்தான். டேப் போட்டது போட்டபடி, தகர மூலைகூட மங்காமல் இருந்தது. ஒரு ஓரத்தில் மட்டும் கத்தியால் கீறிப் பார்த்த தடம் தெரிந்தது.

"எல்லாம் நல்லபடியா வந்துச்சுன்னு சொன்னியேம்மா."

"நல்லபடியாத்தானேப்பா வந்துச்சு." அவள் சிரிக்கத்தான் பார்த்தாள். "மூணு தடவ முயற்சி பண்ணேன். ஒரு தடவ உக்காந்து அழுதுட்டேன். அப்புறம் ஒரு தட்டு வாங்கிட்டேன்."

"எங்கிட்ட சொல்ல வேண்டியதுதானே?"

"பத்திரமா வந்துச்சா, பத்திரமா வந்துச்சான்னுதான் நீங்க கேட்டீங்க. வந்துச்சுன்னு சொன்னதும் அவ்வளவு சந்தோஷமா இருந்தீங்க. அதுக்கு மேல என்னத்தச் சொல்றது?"

டேப்பண்ணன் சூட்கேஸைத் திறந்து கத்தியை எடுத்துக்கொண்டு வந்து, பெட்டிகளுக்கு முன்னால் தரையில் உட்கார்ந்தார். எதிர் மூலையில் கத்தியை வைத்தவர் வெட்டாமல் நிறுத்திவிட்டார். இரண்டு வாரமாக அவளிடம் போனில் தான் என்ன கேட்டோம் என்று யோசித்தார். மாவுக்கட்டு நனையாம பாத்துக்கறியா, கட்டு விரிசல் விடலையே, கட்டு இறுக்கமா இருக்கா. தினமும் இவ்வளவுதான். நல்லா இருக்குப்பா என்று அவளும் தினமும் சொல்லிவந்தாள்.

கத்தியைத் தரையில் வைத்தார்.

"கால் வலிக்குதாம்மா?"

அவள் கன்ட்ரோலரை மடியில் இறக்கினாள். 

"ரொம்ப வலிக்குதுப்பா" என்றாள்.