சிக்னலுக்குச் சூடம் அணைத்த மாமா

எங்கள் மாமாவின் வேனில் ஒரு வருஷம் பள்ளிக்கூடம் போய் வந்த பிள்ளைக்கு, அப்புறம் எந்தப் பொருட்காட்சி ராட்டினமும் பயம் தராது. தாராவியிலிருந்து மாட்டுங்காவுக்கு அந்த வண்டி ஓடாது, பறக்கும். மாமா என்றால் அம்மாவின் தம்பி. காலையில் முன்சக்கரத்தில் எலுமிச்சம்பழத்தை நசுக்கி, கண்ணாடிக்குக் கீழே இருக்கும் இசக்கியம்மன் படத்தைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டால், போக்குவரத்து விதியெல்லாம் இனி மற்றவர்களுக்குத்தான் என்பது அவருடைய கட்சி.

சிக்னலில் மஞ்சள் விழுந்ததும் மாமா, "ஆத்தா!" என்று ஒரு குரல் கொடுப்பார். பின்னால் நாங்கள் அத்தனை பேரும் "ஆத்தா!" என்று கூவுவோம். மராத்திப் பிள்ளைகளும் கூவும், என்ன ஏது என்று தெரியாமலே. அதற்குள் சிவப்பு விழுந்திருக்கும், வண்டி அந்தப் பக்கம் போயிருக்கும். மற்ற வேன்களில் வருகிற பிள்ளைகள் எங்களைப் பார்த்துப் பொறாமையில் வெந்தார்கள். எனக்கு அதில் தனிப் பெருமை. என் மாமா அல்லவா!

மாமி விடிவதற்கு முன்பே தாதருக்குப் போய்ப் பூ வாங்கிக்கொண்டு, மாட்டுங்காவில் கோயிலுக்குப் பக்கத்து முனையில் உட்கார்ந்து கட்டி விற்பாள். பள்ளிக்கூடத்துக்கு முந்தின சிக்னல் அதுதான். தினமும் நாங்கள் மாமிக்குக் கை காட்டுவோம். மாமி தலையை மட்டும் ஆட்டுவாள், நாரும் பூவுமாக இருக்கிற கையை எங்கே தூக்குவது?

மழைக்காலத்தில் ஒரு காலை. மாமா ஒரு கையில் போனைப் பிடித்து யாரிடமோ சிரித்துப் பேசிக்கொண்டே அந்த சிக்னலுக்கு வந்தார். "ஆத்தா!" ஆயிற்று. பக்கவாட்டிலிருந்து ஒரு பஸ் வந்து, கிறீச்சென்று அலறி, எங்கள் ஜன்னலை உரசாத குறையாக நின்றது. அந்த டிரைவரின் நெற்றிக் குங்குமம் கூட எனக்குத் தெரிந்தது. நாங்கள் கை தட்டி ஆர்ப்பரித்தோம். திரும்பிப் பார்த்தால், நடைபாதையில் மாமி எழுந்து நின்றுகொண்டிருந்தாள். இரண்டு கையும் தலைக்கு மேலே, வாய் அகலத் திறந்திருக்க, மடியிலிருந்த மல்லிகை எல்லாம் ஈர ரோட்டில். மாமி எங்களைப் பார்த்து அவ்வளவு சந்தோஷப்பட்டு நான் கண்டதில்லை. நானும் இரண்டு கைகளையும் ஜன்னலுக்கு வெளியே நீட்டி ஆட்டினேன்.

அடுத்த நாளோ அதற்கடுத்த நாளோ, அதே முனையில் டிராபிக் போலீஸ்காரர் ஒருவர் வேனை ஓரங்கட்டச் சொன்னார். மாமா அன்றைக்கு அந்த சிக்னலில் ஒழுங்காகத்தான் நின்றிருந்தார், பாவம். போலீஸ்காரர் கத்தவில்லை, அதட்டவில்லை. லைசென்ஸை வாங்கி இரண்டு பக்கமும் பார்த்தார். மராத்தி கலந்த இந்தியில், உன்னைக் கவனித்துக்கொண்டுதான் இருக்கிறேன், இது எச்சரிக்கை, இன்னொரு தரம் சிவப்பில் போனாலோ போன் பேசினாலோ மேலே எழுதி அனுப்புவேன், லைசென்ஸ் மூன்று மாதத்துக்கு சஸ்பெண்ட் ஆகிவிடும் என்றார். கடைசியில் ஜன்னல் வழியாக எங்களைப் பார்த்து, "பச்சே ஹைன் அந்தர்" என்றார். உள்ளே குழந்தைகள் இருப்பது எங்களுக்கே தெரியுமே, இதைச் சொல்ல ஒரு போலீஸ்காரர் வேண்டுமா என்று நினைத்துக்கொண்டேன்.

மாமா முகம் செத்துப்போயிற்று. மூன்று மாதம் வண்டி எடுக்காவிட்டால் எந்தப் பெற்றோர் காத்திருப்பார்கள்? மறுநாளே வேறு வேனில் பிள்ளையை ஏற்றிவிடுவார்கள். அப்புறம் லைசென்ஸ் திரும்பி வந்து என்ன, வராமல் என்ன.

அன்று சாயங்காலம் வீட்டில் எல்லோரும் அந்தப் போலீஸ்காரரைப் பிடித்து வறுத்தார்கள். மாமி மட்டும் பூக்கூடையை உதறிக் கவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னைய மிரட்டுததுக்கு அவன் யாருட்டி?" என்று மாமா குதித்தார்.

"அவரு சொன்னதுல என்ன தப்பு?" என்று கேட்டுவிட்டு, மாமி உள்ளே போய்த் தட்டில் சூடத்தை ஏற்றி எடுத்து வந்து அவர் முன்னால் நீட்டினாள். "சிவப்பு எரிஞ்சா நிப்பேன், வண்டியில போனத் தொடமாட்டேன்னு அம்மன் பேரால அணைச்சுச் சத்தியம் பண்ணுங்க."

எங்கள் ஊர்ப் பக்கத்தில், எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அணைத்துச் சொன்ன சொல்லை மீறினால் குலம் தாங்காது. மாமா அதனால் வக்கீல் மாதிரி பேரம் பேச ஆரம்பித்தார்.

"ரோட்டுல ஈ காக்கா இல்லன்னா?"

"நிக்கணும்."

"மழை பிச்சுக்கிட்டு ஊத்துனா?"

"மழைக்குச் சிவப்பு பச்சையாயிருமா? நிக்கணும்."

"பின்னால நிக்கவன் ஹாரன் அடிச்சு உசுர வாங்குனா?"

"அவன் வாங்குனா வாங்கிட்டுப் போறான். நீங்க யாரு உசுரையும் வாங்காம இருந்தாச் சரி."

சூடம் பாதி கரைந்துவிட்டது. மாமா என்னைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார், பிறகு சட்டென்று கையை வைத்து அணைத்தார். மாமி அந்தக் கையை எடுத்து ஊதிவிட்டாள். அவள் கண் கலங்கியிருந்தது. புகைதான் காரணம் என்று நினைத்தேன்.

அதோடு எங்கள் ராஜ்யம் போயிற்று. "ஆத்தா!" இல்லை, பறத்தல் இல்லை. நேற்றுவரை பொறாமைப்பட்டவர்கள் எங்களைத் தாண்டிப் போகும்போது "பைல்காடி! பைல்காடி!" என்று கத்தினார்கள். மாட்டு வண்டியாம்! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. போலீஸ்காரரை வேறு ஊருக்கு மாற்றிவிடும்படி இசக்கியம்மனிடம் முறையிட்டேன்.

அம்மன் செவிசாய்க்கவில்லை. போதாக்குறைக்கு ஒரு வெள்ளிக்கிழமை, வேன் சிக்னலில் நிற்கும்போது, மாமி அந்த ஆளிடமே இலையில் பொதிந்த பூவை நீட்டுவதைப் பார்த்தேன். அவர் சட்டைப்பையில் கைவிட்டார், மாமி வேண்டவே வேண்டாம் என்று கையெடுத்துக் கும்பிட்டாள். நம் மாமாவை மிரட்டினவருக்குப் பூவா? வீட்டுக்கு ஓடிப் போய் அம்மாவிடம் கோள் மூட்டினேன். அம்மா காய் நறுக்கிக்கொண்டே, "போலீஸ்காரன் பொண்டாட்டிக்கும் தலை இருக்கும்லா, ஏட்டி, போ" என்றாள்.

ஒரு நாள் அந்த சிக்னல் கெட்டுப்போய்ச் சிவப்பிலேயே நின்றுவிட்டது. கொஞ்சம் பொறுத்துப் பார்த்த வண்டிகள் ஒவ்வொன்றாக நகர ஆரம்பித்தன. மாமா அசையவில்லை. பின்னால் ஹாரன், வசவு, எங்கள் வேனில் கூச்சல். சத்தியம் செய்தது சிவப்பு எரிந்தால் நிற்பதாக. கெட்டுப்போன சிவப்புக்குச் சலுகை உண்டா என்று பேரம் பேச அன்றைக்குத் தோன்றாமல் போய்விட்டதே!

கடைசியில் போலீஸ்காரரே ஓடி வந்தார். "அரே, ஜாவ் நா!" என்று, போகச் சொல்லிக் கையை வீசினார். மாமா ஸ்டியரிங்கைப் பிடித்தபடி, சாப், கஸம் எடுத்திருக்கிறேன், சத்தியம், சூடம் அணைத்திருக்கிறேன் என்று பாதி இந்தியிலும் பாதித் தமிழிலும் அழாக்குறையாகச் சொன்னார். போலீஸ்காரர் ஒரு நிமிஷம் திகைத்தார். பிறகு மாமாவைப் பார்க்காமல், ரோட்டைத் தாண்டிப் பூக்கூடையைப் பார்த்தார். மாமாவும் அங்கேதான் பார்த்தார். மாமி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, போகலாம் என்று தலையை ஆட்டினாள். அப்புறம்தான் வண்டி நகர்ந்தது. போலீஸ்காரர் எதற்காக மாமியைப் பார்க்க வேண்டும் என்று அன்று முழுக்க யோசித்தேன், விடை கிடைக்கவில்லை.

மாமாவின் லைசென்ஸ் ஒரு நாள் கூட சஸ்பெண்ட் ஆகவில்லை. அந்த வேனில் போன நாங்கள் எல்லோரும் கை கால் முழுசாக வளர்ந்து, ஆளுக்கொரு வேலையில் இருக்கிறோம். ஆத்தாதான் போலீஸ் உருவத்தில் வந்து தன்னைத் தடுத்தாட்கொண்டாள் என்று மாமா இன்றைக்கும் எல்லோரிடமும் சொல்கிறார்.

போன மாதம் எனக்கு லைசென்ஸ் வந்தது. மாமியிடம் காட்ட அந்த முனைக்குப் போனேன். அவள் அதை அம்மன் பிரசாதம் மாதிரி கண்ணில் ஒற்றிக்கொண்டாள். மெல்லக் கேட்டேன், "மாமி, அந்தப் போலீஸ்காரர்கிட்ட நீங்கதானே சொன்னீங்க?"

மாமி அக்கம் பக்கம் பார்த்தாள். "மெதுவாப் பேசு. உங்க மாமா காதுல விழுந்துரப் போவுது. அவரு ஆத்தான்னே நம்பிட்டுக் கெடக்காரு." பூவைத் தொடுத்துக்கொண்டே சொன்னாள்: "கால்ல விழாத குறையாக் கேட்டேன். பிடிச்சுராதீங்க சாப், பயங்காட்டி மட்டும் விடுங்கன்னு. வேற என்ன செய்ய? அன்னைக்கு அந்த பஸ் வந்தப்ப, ரெண்டு கையையும் தூக்கி நில்லு நில்லுன்னு கத்துதேன். நீ என்னடான்னா பல்லக் காட்டிக்கிட்டு டாட்டா காட்டுத."