துரையின் வீட்டுப் பெயர்

போன மாதம் பெரியவன் பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பம் எழுதிக்கொண்டிருந்தான். "அப்பா, குடும்பப் பேருன்னு ஒரு கட்டம் இருக்கு. நமக்குத்தான் அது கெடையாதே, உங்க பேரையே போட்டுடட்டுமா?" என்று கேட்டான். போட்டுக்கொள் என்று சொல்லிவிட்டு எழுந்து வெளியே போய்விட்டேன். பிள்ளை வெளிநாடு போகிறானே என்று அப்பாவுக்கு வருத்தம் என நீங்கள் பேசிக்கொண்டது காதில் விழுந்தது. அது இல்லை. அந்தக் கட்டத்தைப் பற்றி நான் உங்களிடம் சொல்லாத ஒன்று இருக்கிறது. வாயால் சொல்லப் பார்த்தேன், வரவில்லை. எட்டாம் வகுப்போடு நின்றவன் எழுதுகிறேன். முன்பின்னாக இருந்தால் பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

ஐம்பதுகளில் நான் தொட்டியத்திலிருந்து திருச்சிக்கு வாழைத்தார் ஏற்றிவரும் லாரி ஓட்டினேன். கல்யாணம் ஆன பிறகு உங்கள் அம்மா, எந்நேரமும் ரோட்டிலேயே கிடக்கிறவனுக்குக் குடும்பம் எதற்கு என்று கேட்க ஆரம்பித்தாள். அறுபதுகளில் திருவெறும்பூர் பக்கம் பாய்லர் செய்யும் தொழிற்சாலை வந்தபோது கார் டிரைவர் வேலைக்கு எழுதிப்போட்டேன். கிடைத்தது. ஸ்ரீரங்கத்தில் அம்மா மண்டபத்துக்குப் பக்கத்துச் சந்தில் குடியிருந்தோம். காலையில் சைக்கிளில் காவிரிப் பாலம் தாண்டி கண்டோன்மெண்ட் போவேன். அங்கே ஒரு பங்களாவில் செக்கோஸ்லோவாகியா நாட்டு எஞ்சினியர் ஒருவர் மனைவியோடும் ஐந்து வயதுப் பையனோடும் இருந்தார். அவரைக் காரில் தொழிற்சாலைக்கு அழைத்துப் போய்த் திரும்பக் கொண்டுவந்து விடுவதுதான் என் வேலை.

டிரைவர்கள் எல்லாரும் அவரைத் துரை என்றுதான் சொல்வோம். ஆனால் துரைத்தனம் எதுவும் அவரிடம் கிடையாது. முன் சீட்டில் என் பக்கத்தில்தான் உட்காருவார். அவர் இங்கிலீஷும் ஓட்டை, என் இங்கிலீஷும் ஓட்டை. அதனாலேயே இரண்டு பேருக்கும் கூச்சமில்லாமல் பேச்சு ஓடியது.

ஒருநாள் என் அடையாள அட்டையைப் பார்த்துவிட்டு, "உன் பெயருக்கு முன்னால் ஒற்றை எழுத்து நிற்கிறதே, அது என்ன?" என்று கேட்டார்.

"அப்பா பேரு சார். முதல் எழுத்து மட்டும் போடுவோம்."

"உன் அப்பாவுக்கு?"

"தாத்தாவோட எழுத்து."

"தாத்தாவுக்கு? அவருடைய அப்பாவுக்கு?"

பால்பண்ணை திருப்பம் வரைக்கும் யோசித்தேன். "தெரியாதுங்க சார்" என்றேன். நான் எதையோ தொலைத்துவிட்டேன் என்று கேள்விப்பட்டவர் மாதிரி என் முகத்தைப் பார்த்தார்.

அப்புறம்தான் அவருடைய வீட்டுப் பெயரைப் பற்றிச் சொன்னார். அவர் நாட்டில் எல்லாருக்கும் இரண்டு பெயர். முதலாவது அவருக்கென்று வைத்தது. இரண்டாவது தலைமுறை தலைமுறையாக வருவது. பெயர் சொல்ல வேண்டிய இடத்தில் நாங்கள் முதல் பெயரை மட்டுமே சொல்வோம், இரண்டாவது எங்கள் வாயில் நுழையாததால். அந்த இரண்டாவது பெயருக்கு 'ராத்திரி சாப்பிடவில்லை' என்று அர்த்தமாம். அவர் பக்கத்தில் இப்படிப் பெயர்கள் உண்டு என்றார். ஒருவன் குதித்தான், ஒருவன் திரும்பி வந்தான், அதுவே வீட்டுப் பெயராக நின்றுவிடும். பழைய காலத்தில் எங்கிருந்தோ வந்த ஒரு ஆள் அந்த ஊரில் சாப்பிடாமல் படுத்திருக்கிறான். ஏன் சாப்பிடவில்லை என்று யாருக்கும் தெரியாது. ஊர்க்காரர்கள் அவனை அப்படியே கூப்பிட, அவன் பிள்ளைக்கும் பேரனுக்கும் அதுவே பெயராகிவிட்டது. அவர்கள் ஊர் மாதா கோயிலில் பிறப்பு, இறப்பு எழுதி வைத்த பழைய புத்தகங்களை லீவு நாட்களில் உட்கார்ந்து புரட்டி இதையெல்லாம் கண்டுபிடித்தாராம்.

வீட்டுக்கு வந்து உங்கள் அம்மாவிடம் சொன்னேன். "பாவம், எந்த மகராசி சோறு போடாம விட்டாளோ. அந்தப் பாவம் இன்னும் பேரா நின்னுக்கிட்டிருக்கு" என்றாள். அடுத்த நாளே பையனுக்குக் கொழுக்கட்டை கட்டிக் கொடுத்தனுப்பினாள். அந்தப் பையன் என்னை மாமா என்று கூப்பிடக் கற்றுக்கொண்டதும் அவளிடம்தான்.

அந்த மாசியில் தொட்டியம் பக்கத்தில் இருக்கும் நம் குலதெய்வக் கோயிலில் பெரியவளுக்கு முடி எடுத்தோம். துரை தானும் வருகிறேன் என்று குடும்பத்தோடு கிளம்பி வந்துவிட்டார். அங்கே பங்காளிகள் வீட்டுக்கு ஒரு பானை என்று வரிசையாக அடுப்பு வைத்துப் பொங்கல் வைத்திருந்தார்கள். தலைக்கட்டுக்கு ஒரு பானை. கல்யாணமான ஆண் ஒவ்வொருவனும் ஒரு தலைக்கட்டு என்பது கணக்கு. இதை அவருக்கு விளக்கினேன். ஒரே சாமியைக் கும்பிடுகிறவர்கள் பங்காளிகள், அவர்களுக்குள் பெண் கொடுத்து எடுக்க மாட்டோம், தாத்தாவின் அப்பா பெயர் தெரியாவிட்டாலும் இந்தச் சாமியை வைத்து யார் நம்மவன் என்று தெரிந்துகொள்வோம் என்றேன்.

அவருக்குப் பட்டென்று விளங்கிவிட்டது. புகைக்குள்ளே பானைகளை எண்ணிக்கொண்டே வரிசையின் கடைசி வரைக்கும் நடந்து போனார். திரும்பி வந்து, "என் பெயர்தான் எனக்கு இந்தக் கோயில். ஆனால் ஆளுக்கொரு பானை என்று வைத்தாலும் எங்களுக்கு மூன்று பானைதான்" என்றார்.

என் சித்தப்பா ஒருவர் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். "என்னப்பா சொல்றாரு தொரை?"

"அவங்க வகையறாவுல மொத்தமே மூணு பேருதானாம், சித்தப்பா."

"ஏன், மத்தவங்கள்லாம் எங்க போனாங்களாம்?"

கேட்டுச் சொன்னேன். முன்னே அந்த ஊரில் நாலு வீடு இருந்ததாம். ஒரு வீடு அமெரிக்காவுக்குப் போயிற்று. அங்கே யாருக்கும் சொல்ல வரவில்லை என்று பெயரைப் பாதியாக வெட்டிக்கொண்டார்கள். ஒரு வீட்டில் எல்லாம் பெண்கள், கட்டிக்கொடுத்ததோடு பெயர் போய்விட்டது. ஒரு வீட்டுப் பையன்கள் இரண்டு பேரும் யுத்தத்திலிருந்து வரவில்லை. மிச்சம் நாலாவது வீடு. அதில் கல்யாணமே செய்துகொள்ளாத ஒரு வயதான சித்தப்பா, துரை, இந்தப் பையன்.

"அப்ப இந்தக் குட்டித் தொரைதான் குலக்கொழுந்துன்னு சொல்லு" என்று சித்தப்பா பையனைத் தூக்கி, வாழையிலையில் சூட்டோடு சர்க்கரைப் பொங்கலை ஊதி ஊதி ஊட்டினார். "இங்க வந்துட்ட இல்ல, ராத்திரி சாப்பிடாம யாரும் படுக்கக் கூடாது, ஆமா." எல்லாரும் சிரித்தார்கள். துரை நான் சொல்லிப் புரிந்துகொண்டு எங்களை விடப் பலமாகச் சிரித்தார்.

அந்த வருஷ வெயில் காலத்தில் பையனுக்குக் காய்ச்சல் வந்தது. முதல் நாள் காரில் ஹாரன் அடிக்க வேண்டும் என்று அழுதான். மூன்றாம் நாள் என்னைத் தெரியவில்லை. மூளைக்காய்ச்சல் என்றார்கள். ஆறாம் நாள் விடிந்து கொஞ்ச நேரத்தில் ஆஸ்பத்திரியில் போய்விட்டான். அதற்கு மேல் அதை எழுத எனக்குத் தெரியவில்லை.

அடக்கம் செய்ய முனிசிபாலிட்டி ஆபீசில் இறப்பைப் பதிந்து சீட்டு வாங்க வேண்டும் என்றார்கள். துரை ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்து, பையிலிருந்து காகிதங்களை எடுக்கப் போனார். நான்தான் தடுத்தேன். சாவு வீட்டுக்காரனைக் காகிதத்துக்கு அலையவிடுவது நம் ஊரில் பழக்கமா? "நீங்க உக்காருங்க சார், நான் பாத்துக்கிறேன்" என்று சொல்லிவிட்டு ஓடினேன். அன்றைக்கு அவருக்கு நான் செய்ததிலேயே பெரிய உதவி அது என்று நினைத்துக்கொண்டுதான் ஓடினேன்.

ஆபீசில் எனக்குப் பின்னால் நாலைந்து பேர் நின்றிருந்தார்கள். குமாஸ்தா பையன் பெயரைக் கேட்டார், சொன்னேன். அப்பா பெயரைக் கேட்டார், நாங்கள் வழக்கமாகச் சொல்லும் முதல் பெயரைச் சொன்னேன்.

"அவ்வளவுதானா? வெள்ளைக்காரங்களுக்குப் பேரு நீளமா இருக்குமேப்பா?"

"அது வீட்டுப் பேருங்க. தெலுங்குக்காரங்க வச்சுக்கிற மாதிரி."

"அது என்னன்னு சொல்லு, எழுதிக்கலாம்."

எனக்கு அந்தப் பெயர் முழுசாக வாயில் வரவில்லை. ஆஸ்பத்திரிக்குத் திரும்பிப் போய்க் கேட்டு வந்திருக்கலாம். சைக்கிளில் பத்து நிமிஷம். பின்னால் நின்றவர் "சீக்கிரம்ங்க" என்றார். வெயில் ஏறிக்கொண்டிருந்தது, பிள்ளையை அதிக நேரம் வைத்திருக்க முடியாது. "வேண்டாங்க. அப்பா பேரு இருக்குல்ல, அது போதும்" என்றேன். அவர் நம் வழக்கப்படி அப்பா பெயரின் முதல் எழுத்தைப் போட்டு, பக்கத்தில் பையன் பெயரை எழுதி, சீட்டைக் கிழித்துக் கொடுத்தார்.

மூன்று பானை என்று சொன்னதைக் கேட்டவன் நான். கேட்டுக்கொண்டு அதை என் சித்தப்பாவுக்குத் தமிழில் சொன்னவனும் நான்தான்.

அன்று சாயங்காலம் கல்லறைத் தோட்டத்தில் அந்தச் சீட்டைப் பார்த்துப் பெயிண்டர் ஒருவர் இங்கிலீஷில் எழுதிய மரச் சிலுவையை நட்டிருந்தார்கள். மண் போட்டு முடித்ததும் துரை குனிந்து அதைப் படித்தார். ரொம்ப நேரம் படித்தார்.

"இது யாருடைய குழந்தை?" என்று கேட்டார்.

"உங்க குழந்தைதான் சார். இந்த எழுத்து உங்க பேரு. எங்க ஊர்ல இப்படித்தான்..." சட்டென்று பேச்சை மாற்றினேன். "பெயிண்டர் தெரியாம எழுதிட்டான் சார். நான் மாத்திடறேன்" என்றேன்.

அவர் என் தோளில் கை வைத்து, "பெயிண்டர் பாவம். அவனுக்கு எப்படித் தெரியும்?" என்றார்.

மூன்று வாரத்தில் அவர்கள் கிளம்பிவிட்டார்கள். அந்தப் பங்களாவில் அந்த அம்மாவால் இருக்க முடியவில்லை. ஜங்ஷனில் மெட்ராஸ் ரயில் ஏறும்போது துரை என் கையில் ஒரு தாளைக் கொடுத்தார். அதில் பையனின் முழுப் பெயரைப் பெரிய எழுத்தில் எழுதியிருந்தார். இரண்டு எழுத்துக்கு மேலே சின்னச் சின்னக் கோடு. "கல்லில்" என்றார். செய்கிறேன் என்றேன்.

தாளை எடுத்துக்கொண்டு கல்லறைத் தோட்டத்துக் காவல்காரரிடம் போனேன். அவர் நல்ல மனுஷர். "சீட்டுல ஒரு பேரு, கல்லுல ஒரு பேருன்னு வைக்க முடியாதுங்க. நாளைக்கு யாராவது வந்து கேட்டா நான் என்ன சொல்றது? ஆபீஸ்ல திருத்திக்கிட்டு வாங்க, நானே கல்லு நட்டுத் தர்றேன்" என்றார்.

ஆபீசில் அதே குமாஸ்தா. தாளை வாங்கிப் பார்த்தார். "திருத்தலாம்ப்பா. தகப்பனார் கையெழுத்துப் போட்டு ஒரு விண்ணப்பம் வேணும். எதனால தப்பாச்சுன்னு காரணமும் எழுதணும்."

"என்ன காரணம்ங்க எழுதறது?"

"உள்ளதை எழுதச் சொல்லு. நான் கேட்டேன், நீ வேண்டாம்னுட்ட."

அவர் கோபமாகச் சொல்லவில்லை. ஆனால் அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. துரைக்கு எழுத வேண்டுமானால், தப்பு பெயிண்டருடையது இல்லை, ரிஜிஸ்டரிலேயே உங்கள் பெயர் இல்லை, கேட்டபோது வேண்டாம் என்றவன் நான் என்று எழுத வேண்டும். இன்றைக்கு எழுதலாம், நாளைக்கு எழுதலாம் என்று தள்ளினேன். சமயபுரத்தாளுக்கு வேண்டிக்கொண்டேன், எதற்கென்று எனக்கே தெளிவில்லாமல். கடிதம் எழுத வேண்டியவன் சாமியிடம் போய் என்ன செய்வது?

நாலு மாதம் கழித்து அவரிடமிருந்தே கடிதம் வந்தது. என்னை விசாரித்து, உங்கள் அம்மாவை விசாரித்து, பெரியவளுக்கு முடி வளர்ந்ததா என்று கேட்டு, கடைசியில் கல் வைத்தாயிற்றா என்று கேட்டிருந்தார். தொழிற்சாலையில் டைப் அடிக்கிற ஒருவரிடம் பதில் எழுதித் தரச் சொன்னேன். "என்னன்னு எழுதட்டும்?" என்று கேட்டார். கல் வைத்தாயிற்று, முழுப் பெயரும் நீங்கள் எழுதிக் கொடுத்தபடியே இருக்கிறது என்று எழுதச் சொன்னேன். அவர் அடித்துக் கொடுத்தார். கையெழுத்துப் போட்டேன்.

இதை உங்கள் அம்மாவிடமும் சொன்னதில்லை. அந்தப் பெயரை இந்தக் கடிதத்தில் எங்கேயும் நான் எழுதாததைக் கவனித்திருப்பீர்கள். எழுத வேண்டிய இடத்தில் எழுதாதவனுக்கு வேறு இடத்தில் எழுத உரிமை இல்லை என்று தோன்றுகிறது.

ஐப்பசி மழைக்கு அந்த மரச் சிலுவை சாய்ந்தது. நிமிர்த்தி நட்டேன். அடியில் கரையான் ஏறியிருந்தது. அந்தச் சமயத்தில்தான் அவருடைய இரண்டாவது கடிதம் வந்தது. அதை நானே அகராதி வைத்துக்கொண்டு, இரண்டு நாள் உட்கார்ந்து படித்தேன். அவருடைய சித்தப்பா காலமாகிவிட்டாராம். இனி அவர்கள் பெயர் இந்த உலகத்தில் இரண்டே இடத்தில் இருக்கிறது, ஒன்று தன்னிடம், இன்னொன்று நம் ஊரில் அந்தக் கல்லில் என்று எழுதியிருந்தார். தன் மனைவி அந்தக் கல்லைப் பார்க்க ஆசைப்படுகிறாள், ஒரு போட்டோ எடுத்து அனுப்ப முடியுமா என்று கேட்டிருந்தார். அவசரமில்லை, உனக்கு நேரம் கிடைக்கிறபோது போதும் என்றும் எழுதியிருந்தார்.

நான் பதில் எழுதவில்லை.