வேங்கிக்கால் குட்டைக்கரைக் கொக்குகள்

கலெக்டர் ஆபீஸ் வேப்பமரத்தடியில் கொக்கு எச்சத்தின் ஈர நாற்றம் அடித்ததும், இப்போது வீட்டுமனைகளாகிவிட்ட எங்கள் வேங்கிக்கால் குட்டையும் அதன் கரைப் புளியமரமும் நினைவுக்கு வந்தன.

ஒரு மே மாத லீவில் அப்பா எங்களை ஆசையாக வேடந்தாங்கலுக்குக் கூட்டிப்போனார். சீசன் முடிந்து ஏரி வெடித்துக் கிடந்தது, ஒரு பறவைகூட இல்லை. திரும்பும் பஸ்ஸில் அம்மா முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். ராத்திரி அப்பா முன்னால் தட்டு டங்கென்று விழும், அப்புறம் சண்டைதான் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

இருட்டும் நேரத்தில் இறங்கி நடந்தால், தினமும் அந்தப் புளியமரத்தில் அடைகிற கொக்குகள் கிளைக்குக் கிளை இடம் பிடிக்கக் கத்திக்கொண்டிருந்தன.

"இதுங்களுக்கா அவ்ளோ தூரம் போனோம்?" என்றாள் அம்மா.

அப்பா அண்ணாந்து பார்த்தார். "நாம வர்றோம்னு தெரிஞ்சு, முன்னாடியே கிளம்பி இங்க வந்துடுச்சுங்க போல."

அம்மாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அன்றைக்குத் தட்டு சத்தமே இல்லாமல் தரையிறங்கியது.