மேலே போகாத கண்ணாடிகள்: அஸ்தினாபுரத்தில் ஒரு வெள்ளிக்கிழமை

பல்லாவரம் சந்தைக்கு எப்படிப் போவது என்று சிலர் கேட்டிருந்தீர்கள். 2007 செப்டம்பரில் ஒரு வெள்ளிக்கிழமை போனேன். ஆனால் கிளம்பியது சந்தைக்காக இல்லை, ஒரு செய்தியை நேரில் சொல்ல.

பெங்களூரில் நான் வேலை பார்க்கும் ஆய்வுக்கூடத்தில் எக்ஸ்ரே தொலைநோக்கிக்குக் கண்ணாடிகள் வடிவமைக்கிறோம். எக்ஸ்ரே நேராக வந்து விழுந்தால் திரும்பாது, உள்ளே புகுந்துவிடும். குளத்தில் ஓட்டாஞ்சில்லு தத்திப் போவது போல, பரப்பை உரசிக்கொண்டு வந்தால்தான் தெறிக்கும். அதனால் தங்கம் பூசிய அலுமினியத் தகடுகளைக் குழாயாக வளைத்து ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்குவோம். தகடு மெல்லிசாக இருந்தால் அதிகம் அடுக்கலாம், இன்னும் மங்கலான நட்சத்திரங்களும் தெரியும். மற்றவர்கள் தொடப் பயந்த அளவுக்கு மெல்லிய தகட்டை வடிவமைத்தவர் சபீனா அக்கா. ஆறு வருட உழைப்பு. அதற்கு முந்தின வருடம் கணவர் அன்வருக்குப் பக்கவாதம் வந்ததும் வேலையை விட்டுவிட்டு அஸ்தினாபுரம் வந்துவிட்டார்.

ராக்கெட் கிளம்பும்போது வரும் அதிர்வை அந்தத் தகடுகள் தாங்குமா என்று அந்த வாரம் சோதித்தோம். தாங்கவில்லை. மூடியைத் திறந்தபோது உள்வரிசைத் தகடுகள் கழன்று, உரசி, தங்கம் செதில் செதிலாக உதிர்ந்து கிடந்தது. தடித்த தகடுகள் கொண்ட பழைய வடிவமே மேலே போகும் என்று முடிவானது. அதை அக்காவிடம் போனில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

சென்ட்ரலில் இறங்கி, எதிரே பார்க் ஸ்டேஷனில் மின்சார ரயில் பிடித்தால் குரோம்பேட்டைக்கு முக்கால் மணி நேரம், டிக்கெட் ஏழு ரூபாய். அங்கிருந்து அஸ்தினாபுரத்துக்கு ஆட்டோ. மீட்டரைப் பற்றிக் கேட்டேன்.

"மீட்டரா? நாப்பது ரூபா குடுக்கா. ரோடு பூரா தோண்டிப் போட்டுகீறான், வண்டி பேஜாராவுது."

அவர் சொன்னது பொய்யில்லை. இரண்டரை கிலோமீட்டருக்கு இருபது நிமிடம் ஆனது.

கதவைத் திறந்த அக்கா என் முகத்தைப் பார்த்தார். "நீ நேர்ல வந்திருக்கேன்னாலே தெரியுது லதா. போச்சா?"

"போச்சுக்கா."

"எந்த வரிசை?"

"உள்வரிசை."

"பிடிமானம் பத்தல," என்று மெல்லச் சொன்னார். பிறகு குரலைத் தாழ்த்தி, "அவர்கிட்ட மட்டும் சொல்லிடாத. தினமும் கேட்டுட்டே இருக்காரு" என்றார்.

அன்வர் அண்ணன் பல்லாவரத்தில் தோல் வியாபாரம் செய்தவர். பெண்டாட்டியைத் தனியாகப் பெங்களூருக்கு அனுப்பிவிட்டான் என்று உறவுக்காரர்கள் பேசியபோதெல்லாம் எதிர்த்து நின்றவர். இப்போது ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். வலது கை மடியில் கிடந்தது.

"லதா... எப்போ... மேல?"

"அடுத்த வருஷம்ண்ணா," என்றேன்.

அவர் முகத்தின் ஒரு பாதி மட்டும் சிரித்தது. டீயோடு வந்த அக்கா டம்ளரைக் கீழே வைத்தார்.

"இல்லங்க. என்னோடது போகல. டெஸ்ட்லயே கெட்டுப்போச்சு."

 அண்ணன் இடது கையை நீட்டி அக்காவின் மணிக்கட்டைப் பிடித்தார்.

"நீ... சாப்ட்டியா?"

அதுவரை அடக்கிவைத்திருந்த அக்கா அப்போதுதான் அழுதார். அந்தக் கையை விடாமல், தரையில் உட்கார்ந்து அழுதார். எங்கே பார்ப்பதென்று தெரியாமல் நான் டீயைக் குடித்து முடித்தேன்.

பதினொரு மணிக்குப் பக்கத்து வீட்டு அம்மாவை அண்ணனுக்குத் துணைக்கு வைத்துவிட்டு அக்கா என்னோடு பல்லாவரம் வந்தார். சந்தையில் காய்கறி, செடி, பழைய நாற்காலி, மின்விசிறி என எல்லாம் கிடைக்கும். அண்ணன் பிடித்து நடக்க ஒரு பழைய வாக்கரைப் பேரம் பேசி வாங்கினார். தகடுகளைப் பற்றி இருவரும் பேசவே இல்லை.

ஸ்டேஷனில், "ராத்திரி தங்கிட்டு காலைல போயேன்" என்றார். பெங்களூருக்கு மதிய வண்டியில் டிக்கெட் இருப்பதாகச் சொன்னேன். "ஓ, சரி சரி," என்று வாக்கரைத் தூக்கிக்கொண்டு படியேறிப் போனார்.

சந்தைக்குப் போகிறவர்கள் வெயில் ஏறுமுன் போய்விடுங்கள். பை, தண்ணீர், சில்லறை கையில் இருக்கட்டும். பல்லாவரத்திலேயே ரயில் நிற்கும், குரோம்பேட்டை வரை போக வேண்டாம்.

என்னைப் போல யாருக்காவது இப்படியொரு செய்தி கொண்டு போகிறீர்கள் என்றால், அன்றைக்கே திரும்பி வர டிக்கெட் போட்டுவிடாதீர்கள்.