தாயாக் கோட்டையின் கயிற்றுப் பக்கம்

2004 பிப்ரவரி, ஒரு வெள்ளிக்கிழமை. துபாயில் தேரா டாக்ஸி நிலையத்தில் காலை எட்டு மணிக்கு ராஸ் அல் கைமா போகும் வேனில் ஏறினேன். கட்டணம் இருபது திர்ஹாம். தூரம் நூறு கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். என் பக்கத்தில் உட்கார வந்த மலையாளி ஒருவர் என் இடுப்பளவைப் பார்த்துவிட்டுப் பின் வரிசைக்குப் போய்விட்டார். அந்தச் சுற்றளவோடுதான் நான் ஒரு மலைக்கோட்டை ஏறப் புறப்பட்டிருந்தேன்.

என்னைக் கூப்பிட்டவன் சுடலைமுத்து. ஒட்டப்பிடாரத்துக்காரன், எனக்கு அடுத்த ஊர். ராஸ் அல் கைமாவுக்கு வடக்கே தாயா என்ற கிராமத்தில், கோட்டைக் குன்றின் அடிவாரத்தில் இருக்கும் பேரீச்சந் தோட்டம் ஒன்றுக்குத் தண்ணீர் பாய்ச்சுகிறான். முந்தின வாரம் போன் செய்தான்.

"அண்ணாச்சி, சாயங்காலமானா இங்கன எதையோ இழுக்காக. எனக்கு மட்டுந்தான் கேக்கு. நீங்க ஒருக்க வந்து கேட்டுப் பாத்துச் சொல்லுங்க. நெசம்னா நான் இருந்துக்கிடுதேன். இல்லன்னா விசாவ கேன்சல் பண்ணிட்டு ஊருக்குப் போயிருதேன்."

பேய் இருந்தால் இருப்பானாம், இல்லாவிட்டால் ஓடுவானாம். சுடுகாட்டுச் சாமியின் பெயரை வைத்துக்கொண்டு பேசுகிற பேச்சா என்று சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை.

"எங்கய்யாவுக்கும் முப்பது வயசுல காதுலதான ஆரம்பிச்சுது, அண்ணாச்சி."

அவன் அப்பாவைக் கடைசிக் காலத்தில் வேப்பமரத்தில் சங்கிலி போட்டு வைத்திருந்தது எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். வருகிறேன் என்றேன்.

பத்து மணிக்கு ராஸ் அல் கைமா. அங்கிருந்து தாயா இருபது கிலோமீட்டர் இருக்கும். கான் என்கிற பட்டாணிய டாக்ஸி டிரைவர், போகவும் காத்திருக்கவும் திரும்பவும் சேர்த்து எண்பது திர்ஹாம் கேட்டார். அறுபதுக்குப் பேசிவிட்டேன் என்று பெருமைப்பட்டேன். எல்லோரிடமும் ஐம்பதுதான் வாங்குகிறாராம், பிறகு தெரிந்தது. ரம்ஸ் என்ற மீனவர் ஊரைத் தாண்டியதும் இடது பக்கம் கடலோரச் சேற்று வெளி, வலது பக்கம் ஒரு புல்கூட இல்லாத மலைத்தொடர். இரண்டுக்கும் நடுவே தனியாக ஒரு குன்று. அதன் உச்சியில் இரண்டு கோபுரங்கள், இடையே ஒரு மண்சுவர். தாயாக் கோட்டை அவ்வளவுதான்.

சுடலை தோட்டத்து வாசலிலேயே நின்றான். ஆள் பாதியாகியிருந்தான். ஜும்ஆ தொழுகைக்குப் போன கான் திரும்பியதும் மூவரும் சுடலை ஆக்கிய மீன் குழம்பைச் சாப்பிட்டோம். பேரீச்ச மரங்களுக்கிடையே வாய்க்காலில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. ஆனால் ஒரு பறவைச் சத்தம்கூட இல்லை. அதைச் சொன்னேன். "நாலு மணிக்கு மேல மோட்டாரும் தன்னால நின்னுரும்," என்றான் சுடலை, ஏதோ பஸ் நேரம் சொல்வதுபோல.

மூன்றரை மணிக்கு நானும் சுடலையும் குன்றில் ஏறினோம். புதுப்பித்துப் படி கட்டியிருக்கிறார்கள். நடுவில் மூன்று முறை 'இயற்கைக் காட்சியை ரசிக்க' நின்றேன். மூன்றாவது தடவை கண்ணை மூடிக்கொண்டு ரசித்தேன். மேலே போய் மூச்சு வந்ததும், ராஸ் அல் கைமா அருங்காட்சியகத்தில் எப்போதோ வாசித்ததை வைத்துப் பிரசங்கத்தைத் தொடங்கினேன்.

1819 டிசம்பரில் ஆங்கிலேயரின் படைக்கப்பல்கள் இந்தக் கரைக்கு வந்தன. அப்போது இந்தக் கடல் காசிமி அரபிகள் கையில் இருந்தது. கடற்கொள்ளைக்காரர்கள் என்று ஆங்கிலேயர் எழுதி வைத்தார்கள். தங்கள் கடலைத் தாங்களே வைத்துக்கொள்ளப் போராடியவர்கள் என்று இந்த ஊர்க்காரர்கள் சொல்கிறார்கள். ராஸ் அல் கைமா முதலில் விழுந்தது. எஞ்சியவர்களில் கொஞ்சப் பேர் பெண்டு பிள்ளைகளோடு இந்தக் குன்றின் மேல் ஏறிக்கொண்டார்கள். சிறிய பீரங்கிகளுக்குச் சுவர் அசையவில்லை. அதனால் கப்பலிலிருந்து இரண்டு பெரிய பீரங்கிகளை இறக்கி, அந்தச் சேற்று வெளி வழியாக இழுத்து வந்தார்கள். அவை முழங்கிய பிறகு இங்கே வெள்ளைக்கொடி ஏறியது. கோட்டைக்குள் குடிக்கத் தண்ணீரும் கிடையாது. அடுத்த வருஷம் ஓர் உடன்படிக்கை. அதன்பின் ஆங்கிலேயன் 1971இல்தான் முழுதாகக் கிளம்பினான்.

"எதுத்து நின்னாம் பாரு, அதாம்ல வீரம்!" என்று சுவரைத் தட்டி முடித்தேன். கையில் ஒரு கல் குத்தியது.

சுடலை கேட்டான்: "கப்பலு எங்கருந்து அண்ணாச்சி வந்துது?"

"பம்பாய்லருந்து."

"பம்பாய்லருந்துன்னா, வந்த ஆளுக?"

"வெள்ளக்காரன். அப்புறம்..." இந்த இடத்தை நான் எப்போதும் வேகமாகக் கடந்துவிடுவேன். "நம்ம சிப்பாய்களும் இருந்தாங்க."

"அப்ப இழுத்தது நம்ம ஆளுகளா?"

கயிற்றில் யார் கை எத்தனை என்று நான் வாசித்ததில் இல்லை. சொன்னேன். அவன் கடல் பக்கம் கையை நீட்டினான்.

"அங்கன இருந்துதான் வரும். மரம் சரளையில உரசுத சத்தம். நடுவுல ஒருத்தரு குரல் குடுப்பாரு, மத்தவுக வாங்குவாக. அரபி இல்ல அண்ணாச்சி. நம்ம ஊர்ல தேர் இழுக்க மாதிரி இருக்கும்."

ஐந்து மணி வரை உட்கார்ந்திருந்தோம். காற்று நின்றுபோயிருந்தது. நான்கரை மணி வாக்கில் சுடலை தலையைத் திருப்பி, "இந்தா," என்றான். காதைக் கூர்மையாக்கினேன். எனக்கு என் மூச்சுதான் கேட்டது. அவன் உதடுகள் மட்டும் எதற்கோ தாளம்போல அசைந்துகொண்டிருந்தன. ஒன்றும் கேட்காமலே பயப்படலாம் என்று எனக்கு அன்றுவரை தெரியாது.

"கேக்கலையா?"

பொய் சொல்லியிருக்கலாம். "இல்ல சுடலை," என்றேன்.

"சரி." எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டான். "அப்ப எங்கய்யாதான்."

இறங்கினோம். ஞாயிற்றுக்கிழமை கஃபீலிடம், அதாவது அரபி முதலாளியிடம், பேசி டிக்கெட் எடுத்துவிடுவதாகச் சொன்னான். ரம்ஸ் கடைக்கு வருவதாக அவனும் காரில் ஏறிக்கொண்டான். அவனை எப்படியாவது சிரிக்க வைக்க வேண்டும் என்று எனக்கு ஒரு தவிப்பு. அந்தத் தவிப்பில் புத்தி போயிற்று. பீரங்கி வந்த வழியாகவே போவோம் என்று கானிடம் சொன்னேன்.

"உதர் ராஸ்தா மாஃபி, பாய்," என்றார் கான். அங்கே பாதையே கிடையாதாம்.

"பீரங்கியே வந்திருக்கு. உங்க கொரோலா போகாதா?"

வண்டியின் மானத்தைத் தொட்டுவிட்டேன் போலிருக்கிறது. திருப்பினார். முன்னூறு அடி தாண்டவில்லை. உப்புப் பொருக்கு உடைந்து பின்சக்கரங்கள் இரண்டும் பாதி புதைந்தன. கான் பஷ்தூவில் என்னைப் பற்றிச் சற்று நீளமாகப் பேசினார்.

அவர் ஸ்டியரிங்கில் உட்கார, நானும் சுடலையும் பின்னால் நின்று தள்ளினோம். செருப்புகளைச் சேறு விழுங்கிவிட்டது. வண்டி அசையவில்லை. சூரியன் கடலுக்கு மேல் ஒரு முழ உயரத்தில் இருந்தது. "சேந்து தள்ளணும் அண்ணாச்சி, நான் குரல் குடுக்கேன்," என்றான் சுடலை.

"ஏலேலோ!"

"ஐலசா!" என்றேன் நான்.

"ஏலேலோ!"

"ஐலசா!"

மூன்றாம் தடவை அவன் குரல் கொடுத்தபோது எனக்கு மூச்சு முட்டி வாய் திறக்கவில்லை. ஆனால் பதில் வந்தது. எங்களுக்குப் பின்னாலிருந்து, தாழ்ந்த குரலில், பல தொண்டைகள் சேர்ந்து. வார்த்தை இல்லை, பாரத்தை மார்பில் வாங்குகிறவர்கள் விடுகிற வெறும் மூச்சு, அவ்வளவு பெரிதாக. சரளையே இல்லாத அந்தச் சேற்றில் ஏதோ சரளையில் உரசியது. வண்டி, காலி அட்டைப்பெட்டியைத் தள்ளியதுபோல மேலே வந்து, கெட்டித் தரையில் போய் நின்றது. நான் முகம் குப்புற விழுந்து கிடந்தேன். எழுந்து திரும்பிப் பார்த்தேன் என்று எழுத ஆசைதான். பார்க்கவில்லை. நாலு காலில் தவழ்ந்து கார் வரை போனேன்.

கான் ஜன்னல் வழியே எட்டி, எங்களைத் தாண்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் கோபமே இல்லை.

"பாய், பாக்கி ஆத்மி கிதர் கயா?"

மற்ற ஆட்களெல்லாம் எங்கே போனார்கள் என்று கேட்கிறார். எங்கள் இருவரைத் தவிர அந்த வெளியில் நாய்கூட இல்லை. அவரே அதைப் பார்த்துவிட்டு, மெதுவாக ஏதோ ஓதினார். பிறகு, "யல்லா, யல்லா!" என்று எங்களை வண்டியில் ஏற அவசரப்படுத்தினார்.

சுடலையைப் பார்த்தேன். சேறு அப்பிய கன்னத்தில் கண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. "அவருக்கும் கேட்டுருக்கு அண்ணாச்சி," என்றான். "ஒங்களுக்கு?"

"கேட்டுது."

"அப்ப எந் தலை நல்லாத்தான் இருக்கு." பேய் பார்த்த இடத்தில் இப்படி ஒரு நிம்மதிச் சிரிப்பை நான் கண்டதில்லை.

ரம்ஸ் கடைவாசலில் அவனை இறக்கிவிட்டோம். கான் பணம் வாங்கும்போது என் கண்ணைப் பார்க்கவில்லை.

துபாய் வேனில் செருப்பில்லாத காலோடு, இரண்டு இருக்கைக்குச் சேறு பூசிக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது பாஞ்சாலங்குறிச்சி நினைவுக்கு வந்தது. பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டிப்போவார்கள், கோட்டை நின்ற மண்ணைத் தொட்டு நெற்றியில் வைத்துக்கொள்வோம். அதை உடைக்க வந்த பீரங்கிகளும் தாமாக உருண்டு வரவில்லை. கம்பெனிக்காரன் அந்தக் கயிற்றை எந்த ஊர்க்காரன் கையில் கொடுத்தான் என்று ஒருவரும் கேட்டதில்லை. எங்கள் பக்கத்தில் யாரை விசாரித்தாலும் முப்பாட்டன் கோட்டைக்குள் வாள் பிடித்தவன்தான். நானும் அப்படித்தான் சொல்லி வந்திருக்கிறேன். அத்தனை பேருக்கு உள்ளே இடம் இருந்திருக்காது. என் உடல்வாகைப் பார்த்தால், பாரம் இழுக்கிற வம்சம்தான் பொருத்தமாகவும் இருக்கிறது.

அடுத்த வெள்ளிக்கிழமை சுடலை போன் செய்தான். டிக்கெட் எடுக்கவில்லை; தோட்டத்தில்தான் இருக்கிறான்.

"நேத்தும் இழுத்தாக அண்ணாச்சி. எத்தன நாளைக்குச் சும்மா கேட்டுக்கிட்டு இருக்கதுன்னு, வேலியோரம் நின்னு 'ஏலேலோ'ன்னு நானும் ஒரு கொரல் குடுத்தேன். சட்டுன்னு நின்னுருச்சு."

"பயந்துட்டாங்களா?"

"இல்ல. இழுக்கதுக்கு இன்னொரு ஆளு வந்தாத்தான அவுகளும் கொஞ்சம் உக்கார முடியும்."