சால்கினுக்கு உரிமை கேட்டு வந்தவர்கள்

கஜகஸ்தானும் கிர்கிஸ்தானும் சந்திக்கிற கர்கரா பள்ளத்தாக்கில் ஜூராகானைப் பற்றி நல்ல வார்த்தை சொல்ல ஆள் கிடைக்காது. அவளும் யாரைப் பற்றியும் சொன்னதில்லை என்பதால் மனக்குறை இல்லை. கூட்டுப் பண்ணையில் பிறந்து, அங்கேயே குதிரை கறந்து, அங்கேயே அக்கார்டியன் வாசிக்கிற ஒருவனுக்கு வாழ்க்கைப்பட்டாள். அவன் ஒரு ரொட்டிக்கடைக்காரியோடு நகரத்துக்கு ஓடினபோது அக்கார்டியனை மறந்து வைத்துவிட்டுப் போனான். ஜூராகான் அதை அடுத்த லாரியிலேயே ஏற்றி அனுப்பினாள். அந்தச் சத்தத்தை இனி அந்த ரொட்டிக்கடைக்காரி கேட்டுச் சாகட்டும் என்றாள்.

சோவியத் போய் பண்ணையைப் பங்கு பிரித்தபோது தலைவர் டிராக்டரை எடுத்துக்கொண்டார். தலைவரின் மைத்துனன் தொழுவத்தின் கூரையையே கழற்றிக்கொண்டு போனான். ஜூராகானுக்கு விலா எலும்பு துருத்திய ஒரு சாம்பல் நிறப் பெட்டைக்குதிரை மிஞ்சியது. சால்கின் என்று பேர் வைத்தாள். அந்த எலும்புக்கூட்டுக்குப் போய் ஒரு பேரா என்று ஊர் சிரித்தது. கோடைதோறும் ஒரு முழங்காலை மண்ணில் ஊன்றி, வாளியை முழங்கைக்குள் இடுக்கிக்கொண்டு அவள் கறந்த பால், தோல்பையில் புளித்து, சிரித்த வாய்களுக்கெல்லாம் குமிஸ் பானம் ஆனது, அவளுக்குச் சாப்பாடானது. அவள் வாயில் திட்டு வாங்காத ஒரே ஜீவன் அந்தக் குதிரைதான்.

அது போட்ட குட்டிகளில் ஒன்று ஷும்கார். அதற்கு இரண்டு வயதானபோது ஒரு வியாபாரி அதை மாவுக்கும் தேயிலைக்கும் வாங்கிப் போனான். பிறகு அது கஜகஸ்தான் தலைநகரில் நெடுந்தூரப் பந்தயத்தில் ஜெயித்தது. மறு வருஷமும் ஜெயித்தது. முதல் தடவை ஜெயித்தபோது குதிரையாக இருந்தது, இரண்டாம் தடவை தேசமாகிவிட்டது. எங்கள் மண்ணின் மைந்தன் என்று கஜகஸ்தான் தொலைக்காட்சி சொன்னது. திருட்டு என்று கிர்கிஸ்தான் பத்திரிகைகள் எழுதின. இரண்டு தேசங்களிலும் அந்தக் குட்டிக்கு ஒரு பிடி கொள்ளு போட்டவர் எவரும் இல்லை.

பள்ளத்தாக்கின் நடுவே ஓடுகிற ஆறுதான் எல்லை. முழங்கால் ஆழம். அக்கரை கஜகஸ்தானுடையது, ஜூராகானின் இக்கரை கிர்கிஸ்தானுடையது என்பது குதிரைகளுக்கு இன்னும் யாரும் சொல்லாத செய்தி.

குட்டி பிறந்த இடத்தை விசாரிக்க முதலில் வந்தவர் அக்கரை அதிகாரி சாகின்திக். குதிரைமுடி மாதிரி மீசை. குதிரை பக்கத்தில் வந்தால் மட்டும் காருக்குள் ஏறிக்கொள்வார். குமிஸை ஊற்றிக் கொடுத்த ஜூராகான், குட்டி அக்கரையில்தான் பிறந்தது என்றாள். அடுத்த வாரம் இக்கரை அதிகாரி ஓமுர்சாக் வந்தார். வெள்ளைத் தொப்பி, வெள்ளைக் காலணி. சாணத்தைத் தாண்டித் தாண்டி வந்தார். அவரிடம் இக்கரை என்றாள். வீட்டுக்கு வந்தவன் கேட்க ஆசைப்படுகிற ஒரு சொல்லைக் கொடுத்தால் நமக்கென்ன குறைந்துவிடும் என்பது அவள் நினைப்பு. அவள் செய்த ஒரே முட்டாள்தனம் அதுதான்.

இரண்டு பேரும் அவள் சொன்னதை ஊரறியப் பேசி, ஒரே நாளில் சண்டைக்கு வந்து நின்றார்கள். உண்மையைச் சொல்லச் சொன்னார்கள்.

"உண்மைதான வேணும்? குட்டி போட்ட அன்னைக்கு சால்கின் ஆத்துல எறங்கித் தண்ணி குடிச்சிட்டிருந்தா. வாய் அக்கரைப் பக்கம், பின்பக்கம் இக்கரைப் பக்கம். குட்டி வாய் வழியா வரலப்பா."

ஓமுர்சாக் முகம் மலர்ந்தது. ஆனால் தாய் எந்தத் திசையைப் பார்த்ததோ அதுவே அதன் மனம் நாடிய தேசம் என்று சாகின்திக் ஆரம்பித்தார். வாயா பின்பக்கமா என்று படித்த மனிதர்கள் இருவர் வெயில் இறங்கும்வரை விவாதித்தார்கள். கடைசியில் தாய் யாரிடமோ மகனும் அவர்களுக்கே என்ற முடிவுக்கு வந்து, சால்கினைக் கொண்டுபோக மறுநாள் வண்டியோடு வருவதாக இருவருமே சொன்னார்கள். ஒருவர் தலைநகரில் பளிங்குத் தொழுவம் என்றார். மற்றவர் விழா மைதானம், மாலை, இசை என்றார். இசை என்றதும் ஜூராகானுக்கு அக்கார்டியன் ஞாபகம் வந்தது.

மாட்டேன் என்று சொல்லிப் பயனில்லை. இரண்டு பேருக்குப் பின்னாலும் காவல்துறை இருந்தது. அவள் பக்கத்துக் கூடாரத்து தோரொன்பெக்கிடம் போனாள்.

"உங்கிட்ட ஒரு கெழட்டுக் குதிர நிக்குதே, கண்ணு தெரியாதது. அதக் குடு. என் பசுவ ஓட்டிட்டுப் போ. சால்கின மலைமேல மேய்ச்சலுக்குக் கொண்டு போய் உன் மந்தையோட விட்டுடு."

"பசு போனா குளிர்காலத்துக்கு என்ன பண்ணுவீங்க அக்கா?"

"உன்னப் பாத்துப் பசியாறிக்கிறேன். கெளம்பு."

மறுநாள் வண்டிகள் வந்தன. சாப்பிடாமல் விருந்தாளி கிளம்புவது வீட்டுக்குச் சாபம் என்று இருவரையும் கூடாரத்துக்குள் உட்கார வைத்தாள். இறைச்சி வந்தது. தலைமை விருந்தாளிக்கு உரிய இடுப்பெலும்பு யாருக்கு என்று அங்கேயும் ஒரு முறைப்பு. குதிரைக்கு இடுப்பெலும்பு இரண்டு என்று சொல்லி ஆளுக்கொன்று வைத்தாள். எந்தக் குதிரையின் இறைச்சி என்று விருந்தாளி கேட்பது அங்கே மரியாதைக் குறைவு. இரண்டு பேரும் மரியாதை தெரிந்தவர்கள். நெய் முழங்கைக்கு வழிய, எலும்பை உறிஞ்சி உறிஞ்சித் தின்றார்கள். கொஞ்சம் முதிர்ந்த இறைச்சி, ஆனால் ருசி என்று பாராட்டினார்கள். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு, சால்கினை அழைத்து வரச் சொன்னார்கள்.

"இனிமே எங்கேருந்து அழைச்சிட்டு வர?" என்றாள் ஜூராகான். "ரெண்டு பேருமே கேட்டீங்க. ஒருத்தருக்குக் குடுத்தா இன்னொருத்தர் மனசு நோகும். அதான் சரிபாதியாப் பிரிச்சுட்டேன்."

சாகின்திக் மீசையைத் துடைத்த துணியால் நாக்கையும் துடைத்தார். ஓமுர்சாக் வெளியே ஓடினார். இந்தத் தடவை சாணத்தைப் பார்க்கவில்லை. பந்தயத்தில் ஜெயித்த குதிரையின் தாயைக் கர்கராவில் எவனும் வெட்டமாட்டான் என்பதும், கறவையில் இருக்கிற குதிரையைக் கோடையில் கசாப்புப் போடமாட்டார்கள் என்பதும் அங்கே நடக்கத் தெரிந்த எல்லோருக்கும் தெரியும். தேசத்தின் குதிரைகளைக் காக்க வந்த இருவருக்கும் தெரியவில்லை.

தேசத்தாயைத் தின்றுவிட்டோம் என்று தலைநகரத்துக்கு எப்படிச் சொல்வது? காருக்குப் பின்னால் நின்று இரண்டு பேரும் தோளோடு தோள் சேர்ந்து பேசினார்கள். இரண்டு தேசங்களும் ஒத்துப்போன ஒரே பேச்சு அதுதான். சால்கினை ஓநாய் அடித்துவிட்டது என்று முடிவானது. ஓநாய் அக்கரையிலிருந்து வந்தது என்று கிர்கிஸ்தான் பத்திரிகைகளும், இக்கரையிலிருந்து வந்தது என்று கஜகஸ்தான் தொலைக்காட்சியும் பிறகு சேர்த்துக்கொண்டன. ஓநாய்க்குப் பிறந்த இடம் தேடி அதிகாரிகள் யாரும் வரவில்லை.

குளிர்காலத்தை ஜூராகான் மாட்டுப்பால் இல்லாத தேநீரோடும் தோரொன்பெக்கைத் திட்டுவதோடும் கழித்தாள். சால்கின் இறங்கி வந்து கூடாரத்துக்குப் பின்னால், பேரில்லாத குதிரையாக நின்றது. வசந்தத்தில் அது மறுபடி குட்டி போட்டது. முதலில் பார்த்த தோரொன்பெக், நல்ல செய்தி கொண்டு வந்தவனுக்குப் பரிசு வேண்டும் என்று மூச்சிரைக்க ஓடி வந்தான்.

"ஆண் குட்டி அக்கா. காலு என்னா நீளம்ங்கறீங்க. பொறந்தது எங்க தெரியுமா, நம்ம—"

"எந்தக் கரைன்னு வாயத் தொறந்தே, அடுத்த விருந்துக்கு நீதான் கறி," என்று சொல்லிவிட்டு ஜூராகான் வாளியை எடுத்துக்கொண்டு ஆற்றை நோக்கி நடந்தாள்.