காட்டுப் பை

விமானதளத்தில் செவேரோ யானாரிக்கோ வேலை பார்த்த அறைக்கு ஜன்னல் கிடையாது. இரண்டு அலமாரிகள்தான். இடப்பக்கம் மலைப் பைகள், வலப்பக்கம் காட்டுப் பைகள். விமானம் விழுந்து விமானி பிழைத்துக்கொண்டால், தேடுகிறவர்கள் வந்து சேரும்வரை அவனைக் காப்பாற்ற வேண்டியது அந்தப் பை. மலைப் பையில் கம்பளிப் போர்வை, கனத்த காலுறை, பனியின் கூச்சத்துக்குக் கறுப்புக் கண்ணாடி, கையளவு அடுப்பு, சாக்லேட். காட்டுப் பையில் கொசுவலை, வெட்டுக்கத்தி, தூண்டில் நரம்பு, தண்ணீரைச் சுத்தம் செய்யும் மாத்திரை, பாம்புக்கடி மருந்து. தீப்பெட்டியும் விசிலும் இரண்டுக்கும் பொது. விமானியின் இருக்கைக்கு அடியில் ஒரு பைக்குத்தான் இடம்.

எந்தப் பை என்று யாரும் யோசிப்பதில்லை. விமானம் எந்த ஊரில் இறங்கப் போகிறதோ அந்த ஊருக்கான பை. லா பாஸுக்கு மேலே இருக்கும் இந்த மேட்டுநிலத்திலிருந்து கிளம்பி, மலைக்கு அந்தப் பக்கம் காடும் ஆறுமாகக் கிடக்கும் பேனிச் சமவெளியில் இறங்குகிறவனுக்குக் காட்டுப் பை. அங்கிருந்து ஏறி வருகிறவனுக்கு மலைப் பை. நடுவில் பனிமலைத் தொடர் கிடப்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் அங்கே யாரும் இறங்குவதில்லை, கடந்துபோகிறார்கள். கடந்துபோகிற இடத்துக்கென்று பை கட்டும் வழக்கம் தளத்தில் இருந்ததில்லை.

செவேரோ பையைக் கட்டி முடித்ததும் வாயில் செம்புக்கம்பி கோத்து ஈயமுத்திரை வைப்பார். அது சட்டம். அதற்கு மேல் சிவப்புக் கம்பளி நூலால் ஒரு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போடுவார். அது சட்டத்தில் இல்லை. இடப்பக்கமாக முறுக்கிய நூல்; வருகிற தீங்கு அதைக் கண்டால் வந்த வழியே திரும்பிவிடும் என்பார்கள். செவேரோ அதை நம்பினார் என்றும் சொல்ல முடியாது, நம்பவில்லை என்றும் சொல்ல முடியாது. அவர் அப்பா மந்தையில் மேய்த்த லாமா விலங்குகளின் காதில் கட்டினார், இவர் பைகளில் கட்டினார்.

கேப்டன் ரெனான் மெல்கார் பேனிக்காரன். வெயிலும் சேறும் ஆறும் உள்ள ஊரில் வளர்ந்தவனுக்கு மேட்டுநிலம் பிடிக்கவே இல்லை. தேநீருக்கு இடம் தேடி அந்த ஜன்னலில்லாத அறைக்கு வருவான். செவேரோவை மரியாதையாக 'தோன்' சேர்த்துத்தான் கூப்பிடுவான்.

"தோன் செவேரோ, உங்க ஊர்க் காத்துல ஒண்ணுமே இல்லையே. வெறும் குளிரை இழுத்து விட்டுட்டு இருக்கேன்."

"உங்க ஊர்க் காத்தைக் கத்தியால வெட்டித்தான் மூச்சு விடணுமாமே, கேப்டன்? அங்கேயே இருந்திருக்க வேண்டியதுதானே?"

"சம்பளம் இங்கதானே கொடுக்கறானுங்க."

அதிகாரிகள் விடுதியில் அவன் தன் கட்டிலுக்கு மேலே கொசுவலை கட்டியிருந்தது தளம் முழுக்கப் பேச்சாக இருந்தது. கொசு என்றால் என்னவென்றே தெரியாத உயரம் அது. சமையல்காரர்கள்கூட வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். செவேரோவும் ஒருநாள் கேட்டுவிட்டார்.

"யாரைக் கடிக்க விடாம தடுக்கறீங்க, கேப்டன்? கர்னலையா?"

"சிரிங்க, சிரிங்க. பொறந்ததுலேர்ந்து வலைக்குள்ள படுத்தவன் நான். தலைக்கு மேல வலை இல்லேன்னா தெருவுல படுத்த மாதிரி இருக்கு. நாலு மூலையும் கட்டிட்டா அது வீடு. அப்பத்தான் கண்ணு மூடும்."

"நாங்கல்லாம் பனியிலயே தூங்கிடுவோம்."

"அதான் மூஞ்சி இப்படி வெடிச்சுக் கிடக்கு."

அந்த வருடக் கார்னிவல் திருவிழாவின் செவ்வாயன்று, உடைமைகளுக்கெல்லாம் படையல் செய்யும் நாளில், பைகளுக்குக் காகிதச்சுருள் சுற்றி, ஒவ்வொன்றின் மேலும் மண்ணின் பங்காக நாலு சொட்டுச் சாராயம் தெளித்தார்கள். ரெனான் காட்டுப் பைகளுக்கு மட்டும் இரண்டு மடங்கு ஊற்றினான். "இதுங்க என் ஊருக்குப் போறதுங்க, தாகம் ஜாஸ்தி" என்றான்.

மே மாதம் ஒரு காலையில் அவன் பேனியிலுள்ள திரினிதாத்துக்குத் தனியாகப் பறக்க வேண்டியிருந்தது. திரினிதாத்தில் அவன் மனைவி சோய்லா இருந்தாள். செவேரோ வலப்பக்க அலமாரியிலிருந்து பையை எடுத்துக் கொடுத்தார். மலைமுகட்டில் மேகம் இறங்கியிருந்ததை அவர் வாசலிலேயே பார்த்திருந்தார். பார்த்தது கைக்கு எட்டவில்லை; கை வழக்கம்போல வலப்பக்கமே போயிருந்தது.

"சோய்லா வாத்துக்கறிச் சோறு பண்றாளாம். சூடு ஆறறதுக்குள்ள போய்ச் சேரணும்."

"மலையைப் பாத்துப் போங்க, கேப்டன்."

"அதைத் தாண்டறது ஒரு சிகரெட் பிடிக்கற நேரம்."

அவன் தாண்டவில்லை. வானொலியில் குரல் வரவில்லை. தேடப் போனவர்களுக்கு மேகம் வழிவிடவில்லை. மேகம் விலகியபோது புதுப்பனி விழுந்து எல்லா மடிப்புகளையும் ஒரேமாதிரி ஆக்கியிருந்தது.

விமானம் மலையில் மோதி அவன் அந்தக் கணமே இறந்திருந்தால் பையின் ஈயமுத்திரை உடையாமல் இருக்கும். உடைந்திருந்தால் அவன் பிழைத்திருக்கிறான், உதவி தேடிப் பையைத் திறந்திருக்கிறான், உள்ளே கொசுவலையைப் பார்த்திருக்கிறான். செவேரோவுக்கு அதற்குப் பிறகு மிஞ்சியிருந்த வாழ்க்கையில் ஒரே ஒரு கேள்விதான் இருந்தது. முத்திரை உடைந்ததா, இல்லையா? உடையாமல் இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டார். ஒரு மனிதன் உடனே செத்திருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்வது எப்படிப்பட்டது என்றும் அவருக்குத் தெரிந்திருந்தது.

தளத்தில் யாரும் அவரைக் குறை சொல்லவில்லை. ஊருக்கு ஏற்ற பையைக் கொடுத்தார், சட்டப்படி எல்லாம் சரி. யாராவது திட்டியிருந்தால் எதிர்த்துப் பேசி ஆறியிருக்கலாம். சரியாகச் செய்த காரியத்துக்கு மன்னிப்புக் கேட்க ஆள் கிடையாது.

பட்டப்பகலில், வேலைக்கு நடுவில், அவர் மனத்துக்குள் பை திறந்துகொள்ளும். பனியில் மண்டியிட்டு ஒவ்வொன்றாக வெளியே எடுப்பார். வலையைக் கிழித்துத் தலைக்குச் சுற்றுவார். தூண்டில் நரம்பால் பாராசூட் துணியை மூட்டையாகத் தைப்பார். கத்தியால் பனியை வெட்டிச் சுவர் எழுப்புவார். கை விறைக்கும், நரம்பு அறுந்துபோகும். மறுநாள் முதலிலிருந்து தொடங்குவார். ஒருநாளும் அவனை விடியற்காலைவரை கொண்டுவர முடிந்ததில்லை.

அதன்பிறகு அவர் கட்டிய காட்டுப் பை ஒவ்வொன்றிலும் கம்பளிக் காலுறை ஒரு ஜோடி இருந்தது. சோதிக்க வந்த லெப்டினன்ட் அதை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்தான்.

"இது எதுக்கு, தோன் செவேரோ? பாம்புக்குப் போட்டு விடவா?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். செவேரோ காலுறையை வாங்கி மடித்து வைத்துக்கொண்டார். அவன் போனதும் திரும்ப உள்ளே வைத்தார்.

ஓய்வு பெற்ற பின் எல் ஆல்ட்டோ நகரில் பேருந்து இருக்கைகளுக்கு உறை தைத்துப் பிழைத்தார். நவம்பரில் இறந்தவர்களின் ஆத்மாக்கள் நடுப்பகலில் சாப்பிட வரும் நாளன்று அவர் மனைவி படையல் மேசை போடுவாள். வழி நடந்து தாகத்தோடு வருவார்கள் என்று எல்லோருக்கும் ஒரு டம்ளர் தண்ணீர் வைப்பது வழக்கம். மேசையின் ஓரத்தில், ரெனானுக்கு மட்டும், செவேரோ ஆவி பறக்க ஊதாச் சோளக் கஞ்சி வைப்பார். ஆறிப்போனால் மாற்றி வைப்பார்.

மழை பொய்த்த ஒரு வருடத்தில் மலையின் பனி எப்போதும் இல்லாத அளவுக்குப் பின்வாங்கியது. தெயொதோசியோ என்ற சுரங்கத் தொழிலாளி பாறைக்கு நடுவே இறக்கைத் துண்டு ஒன்றைக் கண்டான். தளத்திலிருந்து ஆள் போய் எலும்புகளை இறக்கினார்கள். பொருள்களை அடையாளம் காட்ட செவேரோவை வரச்சொன்னார்கள். சோய்லாவும் திரினிதாத்திலிருந்து பேருந்தில் வந்திருந்தாள். தலை நரைத்து, இரவல் வாங்கிய சால்வைக்குள் நடுங்கிக்கொண்டிருந்தாள்.

கொட்டகையில் நீள மேசை மேல் பை கிடந்தது. அதன் மஞ்சள் துணி வெளுத்து எலும்பு நிறமாகியிருந்தது. செவேரோ கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பையின் வாயைப் பார்த்தார். செம்புக்கம்பி அறுந்து இரண்டு பக்கமும் விரிந்திருந்தது. மோதலில் அறுந்தால் பிசிறும். இது கையால் முறுக்கி அறுத்தது.

"இது நான் கட்டின பைதான்" என்றார். உட்கார நாற்காலி தேடினார். யாரோ ஒரு பெட்டியை இழுத்துப் போட்டார்கள்.

தெயொதோசியோ கதவோரம் நின்றிருந்தான். கண்டுபிடித்தவன் என்பதால் அன்று முழுக்க எல்லோரும் அவனைப் பேசச் சொல்லிக் கேட்டிருந்தார்கள். அவனுக்கு அது பழகிவிட்டிருந்தது.

"நான் கூடாரம்னு நெனச்சேன், பாத்துக்கங்க. கிட்டப் போனா கொசுவலை! அந்த உசரத்துல! பனி பிடிச்சு மரப்பலகை மாதிரி நிக்குது. கொசுவுக்குப் பயந்த மனுசன் போலன்னு எங்காளுங்க சிரிச்சானுங்க..." சோய்லாவின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான். "மன்னிச்சுக்கங்கம்மா."

"கட்டியிருந்தானா?" என்றாள் அவள்.

"கட்டியிருந்தாரும்மா. அவரு உள்ள ஒருக்களிச்சுப் படுத்திருந்தாரு. கையைத் தலைக்குக் கீழ வச்சுக்கிட்டு."

"நாலு மூலையுமா?"

"நாலும்தான். ரெண்டு மூலை இறக்கையில. ஒண்ணு பாறை வெடிப்புல கத்தியைச் செருகி அதுல. நாலாவதுக்குக் கயிறு எட்டலை போல, ஏதோ நூலை வச்சு நீட்டியிருந்தாரு. வலையோட அதையும் அறுத்துக் கொண்டாந்தேன்."

சட்டைப்பையிலிருந்து எடுத்து மேசையில் வைத்தான். சிவப்பு போய் ரோஜா நிறத்தில் ஒரு துண்டுக் கம்பளி நூல். முறுக்கு இடப்பக்கம்.

இத்தனை வருடமும் செவேரோ அந்த வலையைக் கிழித்திருக்கிறார், சுற்றியிருக்கிறார், மடித்திருக்கிறார். ஒருநாளும் கட்டியதில்லை. வலையைக் கட்டுவதால் பனியில் ஒருவனுக்கு ஒரு பயனும் இல்லை. விறைத்த விரல்களோடு நாலு முடிச்சுப் போட எவ்வளவு நேரம் பிடித்திருக்கும் என்று அவருக்குத் தெரியும்.

"போர்வை வச்சுக் கொடுத்திருக்கணும், சென்யோரா. பக்கத்து அலமாரியிலதான் இருந்தது."

சோய்லா நூலை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"வச்சிருந்தாலும் வலையைத்தான் தேடியிருப்பான். எனக்குத் தெரியாதா அவனை? தூங்கித்தான் போயிருக்கான், தோன் செவேரோ."

அவள் அதை அவருக்காகச் சொன்னாள். அன்பாகச் சொன்னது என்பதால் அது உண்மையாகிவிடாது. போர்வை இருந்திருந்தால் அவன் அதைப் போர்த்தியிருப்பான், வலையையும் கட்டியிருப்பான், ஒருவேளை மேகம் விலகியபோது விழித்தும் இருப்பான். இது இரண்டு பேருக்கும் தெரிந்திருந்தது.

புறப்படும்போது அவள் நூலை நீட்டினாள். "இது உங்களோடது."

"வலையோடயே இருக்கட்டும்மா. அவர் அதுக்கு ஒரு வேலை கொடுத்துட்டாரு."

ரெனானைத் திரினிதாத்தின் சூடான மண்ணில் புதைத்தார்கள். இனிமேல் அவன் தன் வீட்டு மேசைக்குத்தானே போவான் என்றாள் செவேரோவின் மனைவி. அந்த நவம்பரிலும் செவேரோ கஞ்சியை வைத்தார்.

பை இன்னும் திறந்துகொள்கிறது, பேருந்து உறை தைக்கும்போது, ரொட்டி வாங்க நிற்கும்போது. ஆனால் இப்போது எடுக்க உள்ளே எதுவும் இல்லை. வலை ஏற்கெனவே கட்டியாகிவிட்டது. உள்ளே அவன் முதுகைக் காட்டிப் படுத்திருக்கிறான். செவேரோ கையில் போர்வையோடு வெளியே நின்று, தூக்குவதற்கு ஓரம் தேடி வலையைச் சுற்றிச் சுற்றி வருகிறார். பேனிக்காரர்கள் படுக்கும்போது செய்வதுபோல, எல்லாப் பக்கமும் உள்ளிருந்தே இறுக்கிச் செருகியிருக்கிறது.